சாவி கொடுத்தாச்சு

ஜூலை 7, திங்கள்

அப்பா நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வரும்போது இந்த டைரியைக் கொண்டுவந்தார். ஏதோ சிமெண்ட் கம்பெனியுடையது, போன வருஷத்தது. கிழமை எதுவும் பொருந்தாது. அதை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். "பேசத்தான் மாட்டேங்க, எழுதவாவது செய்யி" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே திரும்ப லாரி ஏறிவிட்டார்.

முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, படிப்பு என்று கேட்டிருந்தது. முப்பிடாதி, பதினாறு என்று எழுதினேன். ரத்த வகை தெரியாது. படிப்பு என்ற இடத்தை விட்டுவிட்டேன்.

என் வேலை வல்லியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது. வல்லி என் தங்கை, நாலாம் வகுப்பு. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் வலது கையும் வலது காலும் விறைப்பாக இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பேச்சு இழுத்து இழுத்து வரும். அவள் சொல்வது எனக்குத்தான் உடனே புரியும். மற்றவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வேன். வெளி ஆட்களிடம் நான் பேசுவது அந்த ஒன்றுக்காகத்தான்.

கூட ஒரு ஆள் இருந்தால்தான் சேர்ப்போம் என்று யூனியன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கம்பெனிக்குப் போகிறாள். காலையிலேயே வேன் வந்துவிடும். அதனால் நான் போகிறேன். வகுப்புக்கு வெளியே வராண்டாவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நின்றதற்கு இது காரணமில்லை. எனக்குப் படிப்பு ஏறவில்லை. அம்மா எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாள்.

ஜூலை 10, வியாழன்

எஸ்தர் டீச்சர் வந்தார்கள். சிறப்பாசிரியர். வல்லி மாதிரிப் பிள்ளைகளுக்காகவே வருகிறவர்கள். வியாழக்கிழமை மட்டும்தான் எங்கள் ஊர். மற்ற நாளெல்லாம் வேறு வேறு பள்ளிக்கூடம், ஸ்கூட்டியிலேயே சுற்றுவார்கள்.

அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் உடைசல் மிட்டாயை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வலது கையால் ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும். வல்லியின் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும். அவள் திணறியபோது நான் ஒரு துண்டை எடுத்து அவள் விரலுக்குள் வைத்துவிட்டேன்.

"முப்பிடாதி, நீ எடுத்துக் குடுக்காத. கைய மடியில வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு துண்டு அவள் வாய்வரைக்கும் போய்விட்டது. வல்லி போட்ட சத்தத்தில் ஐந்தாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"நீ எதுவரைக்கும் படிச்ச?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். வல்லிதான், "ஒம்…பது. கணக்குல… ஃபர்ஸ்ட்டு" என்றாள். நல்லவேளை, டீச்சருக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இன்று ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. தலைமையாசிரியையான பெரிய டீச்சர் விடை சொல்வதற்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. வராண்டாவில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வரும்.

ஜூலை 19, சனி

மருத்துவ முகாமுக்குப் போனோம். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால்தான் உதவித்தொகைக்கு எழுதிப் போட முடியும். அம்மா ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

பந்தலில் எங்களுக்கு முன்னால் ஒரு அக்கா, பெரிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வல்லி அவனிடம் பேசிக்கொண்டே, பந்தல் கம்பைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"மொத தடவையா வாரீகளா? இப்படி ஆடவிட்டுக் கூட்டிட்டுப் போனீகன்னா ஒண்ணுமில்லன்னு எழுதி அனுப்பிருவாக. போன வருசம் எம்புள்ள டாக்டரப் பாத்துச் சிரிச்சுத் தொலைச்சான். அந்தச் சிரிப்புல எல்லாம் போச்சு. ஊனச் சதவீதம் கூடுனாத்தான் உதவித்தொகை. உள்ள போயி ஒண்ணும் செய்யவிடாதீக."

அம்மா என்னைப் பார்த்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

வல்லியின் விறைத்த கைக்கு நகம் வெட்டுவது பெரும்பாடு. அதற்காக நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். அவள் பொம்மை. சாவி தீர்ந்துபோன பொம்மை. அசையாது, பேசாது, கூப்பிட்டால் திரும்பாது. நகம் வெட்டி முடித்ததும் அவள் பிடரியில் விரலை வைத்துத் திருகி, "சாவி கொடுத்தாச்சு" என்று சத்தமாகச் சொல்வேன். அப்போதுதான் உயிர் வரும். சொல்லாமல் திருகினால் வராது. அவள் வைத்த சட்டம் அது.

உள்ளே போவதற்கு முன்னால் அவள் காதில், "பொம்மை" என்றேன்.

டாக்டர் வயதானவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வரிசையைப் பார்த்தே களைத்துப்போயிருந்தார். "பேரு என்னம்மா?" வல்லி எங்கேயோ பார்த்தாள். பந்தைக் கொடுத்தார். விட்டுவிட்டாள். "அம்மா எங்க, காட்டு." காட்டவில்லை. கையைத் தூக்கி விட்டார், தொப்பென்று விழுந்தது.

"வீட்டுல பேசுவாளா?"

"இல்ல சார்" என்றாள் அம்மா.

"சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாளா?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "இல்ல சார்."

நான் சுவரில் இருந்த உடல் உறுப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுரையீரல் மட்டும் கிழிந்திருந்தது.

வெளியே வந்து, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் சாவி கொடுத்தேன். வல்லி எச்சில் வழியச் சிரித்தாள். "நல்லா… செஞ்சனா?" நன்றாகத்தான் செய்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா கடையில் ஒரு முழு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் முழுசு பார்ப்பது அபூர்வம், எப்போதும் உடைசல்தான்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றாள். ஆடிக்காற்று அப்படித்தான் அடிக்கிறது.

ஜூலை 23, புதன்

பெரிய டீச்சர் வல்லியை வாசிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் இருப்பதே இரண்டு டீச்சர்கள்தான். நாலும் ஐந்தும் பெரிய டீச்சரிடம் ஒரே அறையில் உட்காரும். வல்லி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டாள். எனக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிட்டது.

"என்ன இது, போன வாரம் எழுத்தக் கூட்டி வாசிச்சிட்டுத்தான இருந்தா?" என்று பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார்கள்.

இடைவேளையில் கேட்டேன், ஏன் என்று. "பொம்மைன்னா… முழு மிட்டாய்" என்றாள்.

இனிமேல் பள்ளிக்கூடத்தில் செய்யக் கூடாது, டாக்டர் முன்னால் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினாள்.

ஜூலை 30, புதன்

நான் குடத்தில் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் வல்லி கழிப்பறைப் படியில் விழுந்துவிட்டாள். முட்டி உரிந்துவிட்டது. பெரிய டீச்சர் ஓடிவந்தார்கள். மருந்து போடும்போது, "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான கேப்பாங்க?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வல்லி அழவில்லை. வலி வந்தாலும் பொம்மை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அட்டையும் சான்றிதழும் வந்துவிட்டன. அம்மா நினைத்ததைவிடச் சதவீதம் கூடுதல். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாயிற்று.

பள்ளிக்கூடத்திலும் ஒரு நகல் கேட்டார்கள். காலையில் கொடுத்தேன். மத்தியானமே அம்மாவுக்குப் போன் போய்விட்டது. அம்மா பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, தலையில் கம்பெனித் தொப்பியோடு வந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா" என்றார்கள் பெரிய டீச்சர். அம்மா உட்காரவில்லை.

"இங்க பாருங்க. நடக்க முடியாதது மட்டும்னா நான் சமாளிப்பேன். இதுல அறிவு வளர்ச்சியும் இல்லன்னு போட்டிருக்கே. சொன்னாப் புரியாது, பேச்சு கிடையாதுன்னு டாக்டரே எழுதியிருக்கார். ரெண்டு வகுப்ப வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? வீட்டுவழிக் கல்வின்னு இருக்கு. பேரு நம்ம பள்ளிக்கூடத்துலயே இருக்கும். சீருடை, புத்தகம் எல்லாம் வரும். எஸ்தர் டீச்சரே வீட்டுக்கு வந்து பாத்துக்கிடுவாங்க."

"டீச்சர் வீட்டுக்கே வருவாகளா?" என்றாள் அம்மா. அவளுக்கு அது ஏதோ சலுகை மாதிரிப் பட்டது.

"ஆமா, வாரத்துல ஒரு நாள்."

"மத்த நாளு?"

பெரிய டீச்சர் மேசையிலிருந்த நகலை நேராக்கி வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப இங்க வர வேண்டாங்கீகளா?"

"நான் வேண்டாம்னு சொல்லல. இந்தத் தாள் சொல்லுது. இருவதாந்தேதி வட்டார வள மையத்துலருந்து குழு வருது, டாக்டரும் வாராரு. அவங்க பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

அம்மா வாயைத் திறந்தாள். திறந்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சோறு வடிக்கும்போது அம்மா தானாகவே ஆரம்பித்தாள்.

"எதுக்குச் செஞ்சேன்னு நெனைக்க? எனக்கா? அந்த உதவித்தொகை மாசாமாசம் வந்தா நான் கம்பெனிய விட்டுட்டு அவகூடப் போயி அந்த வராண்டாவுல உக்காருவேன். நீ மறுபடி பள்ளிக்கூடம் போவேன்னு நெனச்சேன்."

"எனக்குப் படிப்பு ஏறாதும்மா."

"ஏட்டி, எங்கிட்டயே அந்தப் பொய்யச் சொல்லாத. அத உண்டாக்குனவளே நாந்தான்."

கஞ்சித் தண்ணீர் என் காலில் தெறித்துவிட்டது. பெரிய காயமில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கினால் கேஸ் போடுவார்கள் என்று கம்பெனியில் ஒருத்தி சொன்னாளாம். சொன்னால் அட்டை போய்விடும், சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். வல்லி மூலையில் உட்கார்ந்து, வலது கையால் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எஸ்தர் டீச்சர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தார்கள்.

"என்ன நடந்துச்சு அந்த முகாம்ல?"

நான் தொட்டிக் குழாயைப் பார்த்தேன்.

"எங்கிட்ட வாசிக்கிற பிள்ளைய, பேரு சொல்லத் தெரியாதுன்னு எழுதியிருக்காங்க. டாக்டருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? சொல்லு முப்பிடாதி, நீதான கூடப் போன?"

வாய்வரைக்கும் வந்தது நின்றுவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். வகுப்பில் எழுந்து நின்றாலும் சொல் வெளியே வராது.

"வீட்டுக்கு அனுப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? நான் வாரத்துல ஒரு நாள் வருவேன்னு சொல்லிருக்காங்க. எனக்கு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாசத்துல ஒரு நாள் வந்தாலே பெருசு. அவ அந்த வீட்டுக்குள்ளயே இருப்பா. நீயும் அவகூடயே இருப்ப."

வல்லி உள்ளே, பக்கத்தில் உட்காரும் சுபிக்ஷாவோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுபிக்ஷா பெரிய டீச்சரிடம், "டீச்சர், வல்லி தண்ணி கேக்கா" என்றாள். சரியாகச் சொன்னாள். நான் சொல்லித் தராமலேயே அந்தப் பிள்ளைக்குப் புரிகிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா வல்லிக்குச் சொல்லிக்கொடுத்தாள். "தாயி, டாக்டர் வந்தா பாதி பொம்மையா இரு. பேரச் சொல்லு. கையத் தூக்காத. வாசி, ஆனா மெதுவா வாசி."

வல்லி யோசித்துவிட்டு, "பாதி பொம்மை… கெடையாது" என்றாள்.

அவள் சொன்னது சரி. அப்படி ஒரு சட்டம் கிடையாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்ற வெளியாட்கள் வருகிறார்கள், வல்லிக்கு இன்றைக்கு மட்டும் ஓய்வு கொடுங்கள் என்று நேற்றே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வல்லி சீருடை போட்டு, ரிப்பன் கட்டி, வாசற்படியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் கேட்ட பாட்டோடு சேர்ந்து கடைசிவரை பாடினாள். சுபிக்ஷா மிட்டாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளைக்குக் குழு. வல்லிக்கு நகம் வெட்டவில்லை. அந்த விளையாட்டு வேண்டாம் என்று நகத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஜீப் வந்தது. இறங்கியது அதே டாக்டர், அதே கயிறு கட்டிய கண்ணாடி. கூட எஸ்தர் டீச்சரும் வள மையத்துக்காரர் ஒருவரும். நாற்காலி போட்டு, வகுப்பில் மற்றப் பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா உள்ளே சுவரோரம் நின்றாள். வெளியாட்கள் கூட்டமாக வேண்டாம் என்று என்னை வராண்டாவிலேயே இருக்கச் சொன்னார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

வல்லி நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வணக்…" என்று ஆரம்பித்தாள். டாக்டர் கழுத்திலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு முகாம் ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் முன்னால் மட்டும்தான் என்று சொல்லிவைத்தவளே நான்தான். என் கண் முன்னாலேயே அவள் அணைந்துபோனாள். வாய் திறந்தபடி நின்றது. கை தொங்கியது. பெஞ்சில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"வல்லி, பேரு சொல்லும்மா" என்றார் டாக்டர். இல்லை.

"வல்லி, இங்க பாரு, கடலை. எடு பாக்கலாம்" என்றார்கள் எஸ்தர் டீச்சர். இல்லை. டீச்சர் மண்டி போட்டு உட்கார்ந்து அவள் முகத்தைப் பிடித்துக் கெஞ்சினார்கள். "எஞ்சாமில்ல, ஒரே ஒரு எழுத்து வாசிடா." வல்லி டீச்சரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். அவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் செய்ததில்லை.

"இப்படித்தான் சார், ரெண்டு மூணு வாரமா" என்றார்கள் பெரிய டீச்சர். குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்கள். "மொத இப்படி இல்ல. என்னன்னே தெரியல."

டாக்டர் பேனாவை எடுத்தார். "நான் முகாம்ல பாத்ததுதான் இப்பவும். வீட்டுவழிக் கல்வியே சரின்னு…"

அம்மா சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள். வா என்கிறாளா, வராதே என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

நான் எழுந்து உள்ளே போனேன். யாரையும் பார்க்கவில்லை. வல்லிக்குப் பின்னால் போய் நின்று, பிடரியில் விரலை வைத்து, யாருக்கும் தெரியாதபடி மெதுவாகத் திருகினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தரம் திருகினேன். பொம்மை அசையவில்லை. சொல்லாமல் திருகினால் வராது.

"என்னம்மா பண்ற?" என்றார் டாக்டர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேனா காகிதத்தில் தொடுவது தெரிந்தது.

"சாவி கொடுத்தாச்சு" என்றேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது. மரத்தடியில் பிள்ளைகளின் இரைச்சல்கூட நின்றது போல் இருந்தது.

வல்லி தலையைத் தூக்கினாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, அவளுக்கு வரும் அவ்வளவு குரலையும் கூட்டி, "டாக்டர்… போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

நான் எடுத்துச் சொல்லாமலேயே எல்லாருக்கும் புரிந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். "போகலம்மா. இங்கதான் இருக்கேன்."

வல்லி அவரைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தாள். எஸ்தர் டீச்சர் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என்ன விளையாட்டு இது?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். நகம் வெட்டுவதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது. மீதியை அம்மா சொன்னாள். பந்தலில் கேட்டது, காதில் சொன்னது, இல்ல சார் என்றது, எல்லாம்.

"ஏம்மா, என் கையால என்ன எழுத வச்சிருக்கீங்க தெரியுமா?"

"தெரியும் சார். எம்புள்ளைக்கு ஒண்ணும் புரியாதுன்னு எழுத வச்சேன்." அம்மா சுவரை விட்டு முன்னால் வந்தாள். "அத மாத்தி எழுதுங்க. உதவித்தொகை வராட்டிப் போகுது. கேஸ் போடுறதுன்னா எம்மேல போடுங்க. அவ உக்காந்திருக்கிற எடத்த மட்டும் எடுத்துராதீக."

டாக்டர் நாற்காலியை வல்லிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, நாலாம் வகுப்புப் புத்தகத்தை விரித்தார். வல்லி வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் எனக்கு வாய் துறுதுறுத்தது. திறந்துவிட்டேன் போலிருக்கிறது.

"நீ சொல்லாத. அவ வரட்டும்" என்றார் டாக்டர். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வள மையத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது அவரையும் முறைத்தார். வல்லி அந்தப் பத்தியை முடித்தாள். பிறகு யாரும் கேட்காமலே வலது கையால் கடலையை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

வாங்கித் தின்றார்.

"விழுந்துருவாளே சார்" என்றார்கள் பெரிய டீச்சர். இப்போதும் அதே பயம்தான். "நான் ஒருத்தி எத்தனைய பாப்பேன்?"

"கழிப்பறைப் படிக்குக் கைப்பிடி கேட்டு எழுதிக் குடுத்து ஒரு வருசமாச்சு மேடம்" என்றார்கள் எஸ்தர் டீச்சர். வள மையத்துக்காரர் அவசரமாக எதையோ குறித்துக்கொண்டார்.

கடைசியில் சொன்னது இதுதான். வல்லியை முகாமில் மறுபடி பார்த்து வேறு சான்றிதழ் எழுதுவார்கள். அதுவரைக்கும் உதவித்தொகை நிற்கும். அடுத்த தரம் வேறு ஒரு டாக்டரும் கூட இருப்பார். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் வல்லி வகுப்பில் உட்காரலாம், பிறகு பார்க்கலாம்.

ஜீப்பில் ஏறப்போன டாக்டர் திரும்பிவந்து என்னைக் காட்டி, "இந்தப் பிள்ள வராண்டாவுல உக்காரக் கூடாது" என்றார். "இவ இருந்தா அவ இவளையேதான் பாத்துக்கிட்டு இருப்பா."

ஆகஸ்ட் 21, வியாழன்

அம்மா என்னோடு பேசவில்லை. காலையில் வேன் ஏறும்போது என் தலைமேல் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அது திட்டா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

முதல் நாள். வல்லியை வகுப்பு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. கழிப்பறைப் பக்கத்து மதில் சுவருக்கு வெளியே நின்றேன். இடைவேளையில் தடாலென்று ஒரு சத்தம் கேட்டது. அது வல்லிதான். அவள் விழும் சத்தம் எனக்குத் தெரியும். சுவர் என் உயரம்தான், ஏறிக் குதித்துவிடலாம். செங்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏ, தூக்காதீங்கப்பா, அவளே எந்திரிப்பா" என்றாள் சுபிக்ஷா.

"எதையாவது பிடிச்சுக்கோ வல்லி" என்றார்கள் பெரிய டீச்சர். ஓடிவந்த மூச்சு குரலில் இருந்தது.

அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வல்லியின் குரல்: "ம். வாங்க… போவோம்."

உள்ளங்கையில் செங்கல் தடம் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். துணி துவைத்தேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வராண்டாவில் இருந்தால் இந்நேரம் பின்னக் கணக்கு முடிந்து தசமம் ஆரம்பித்திருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாயங்காலம் எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். கைப்பிடிக்குக் கம்பி வந்து இறங்கிவிட்டதாம், இன்னும் பதிக்கவில்லையாம். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். அம்மாவைத் திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"டவுன்ல உயர்நிலைப்பள்ளி எச்.எம். எனக்குத் தெரிஞ்சவங்க. ஒம்பதுல திரும்பச் சேத்துக்கிடுறேங்காங்க. மூணு மாசப் பாடம் போச்சு, சமாளிச்சுக்கலாம். என்ன சொல்ற?"

"அவ சொல்லட்டும்" என்றாள் அம்மா. "நான் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் வந்திருக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வல்லி யாரோடு போவாள், யாரோடு வருவாள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு எப்படி உட்காருவது என்று எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. டீச்சரின் காப்பியில் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பின்னால் சுவரை உரசிக்கொண்டு வரும் சத்தம். பிறகு என் பிடரியில் ஒரு விரல், சூடாக, வெல்லப் பிசுக்கோடு. வலது கை. மடங்கிய கட்டைவிரல் கழுத்தில் இடித்தது.

"சாவி… குடுத்தாச்சு" என்றாள் வல்லி. "பேசு."

இப்போது அம்மா என் பழைய சீருடையை விளக்குக்கு நேராகப் பிடித்து, கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு விரற்கடை உயரம் கூடிவிட்டேனாம். உள்ளே மடங்கியிருந்த துணி மட்டும் இன்னும் புதுநீலமாக இருக்கிறது.